போட்மாஸ் ஒப்பிக்கிற பிள்ளைகள் கணக்கில் ஏன் தடுமாறுகிறார்கள்?

ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி இது. போட்மாஸ் (BODMAS) என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது: பி அடைப்புக்குறி, ஓ "இன்", டி வகுத்தல், எம் பெருக்கல், ஏ கூட்டல், எஸ் கழித்தல், இந்த வரிசையில் செய்ய வேண்டும். ஆனால் 20 − 8 + 5 என்று பலகையில் எழுதிப் போட்டால் பல பேர் 7 என்கிறார்கள். செயல்களின் வரிசையை எப்படிச் சொல்லிக் கொடுத்தால் மனதில் நிற்கும்? இணையத்தில் சுற்றுகிற 8 ÷ 2(2 + 2) கணக்கைக் கொண்டுவந்து பிள்ளைகள் காட்டினால் என்ன சொல்வது?

முதலில் அந்த 7-ஐப் பார்ப்போம். அது கவனக்குறைவால் வந்த விடை இல்லை. போட்மாஸில் ஏ முன்னால் இருக்கிறது, எஸ் பின்னால் இருக்கிறது. அப்படியானால் கூட்டலை முடித்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. 8 + 5 = 13, 20 − 13 = 7. விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய பிள்ளைக்குத் தப்பு வருகிறது. விதியே ஞாபகம் இல்லாமல் இடமிருந்து வலமாகப் போன பிள்ளைக்கு 17 என்று சரியாக வந்துவிடுகிறது. இது இப்படியே இருக்கும்வரை எத்தனை பயிற்சிக் கணக்கு கொடுத்தாலும் பயன் குறைவுதான். சொன்னதை அக்கறையாகக் கேட்கிற பிள்ளைதான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

டி-யும் எம்-மும் இதே மாதிரி முன்னும் பின்னுமாகத்தானே இருக்கின்றன, அங்கே ஏன் இவ்வளவு தப்பு வருவதில்லை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 24 ÷ 4 × 3-ல் வகுத்தலை முதலில் செய்தால் 6 × 3 = 18. இடமிருந்து வலமாகப் போனாலும் 18 தான். 6 × 5 ÷ 3-ல் வகுத்தலை முதலில் செய்தால் 5/3, அதை 6-ஆல் பெருக்கினால் 10. இடமிருந்து வலமாகப் போனால் 30 ÷ 3, அதுவும் 10. பெருக்கலும் வகுத்தலும் மட்டும் வருகிற தொடரில் வகுத்தலுக்கு முன்னுரிமை கொடுப்பதால் விடை ஒருநாளும் மாறாது. ஒவ்வொரு வகுத்தலும் அதற்கு அடுத்து நிற்கிற எண்ணின் தலைகீழியால் (3 என்றால் 1/3) பெருக்குவதுதான் என்பதால் இப்படி. ஆனால் கூட்டலுக்கு முன்னுரிமை கொடுத்தால் கழித்தல் குறி தனக்குச் சொந்தமில்லாத எண்ணையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. ஆக, நம் ஊர் சுருக்கெழுத்தில் ஓட்டை இருப்பது கடைசி இரண்டு எழுத்தில். அமெரிக்காவில் சொல்லித் தருகிற பெம்டாஸில் (PEMDAS) பெருக்கல் வகுத்தலுக்கு முன்னால் வருவதால், அங்கே 24 ÷ 4 × 3-ஐ 24 ÷ 12 = 2 என்று போடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இரண்டு இடத்திலும் ஓட்டை. யூடியூபில் அமெரிக்கப் பாட வீடியோக்களைப் பார்த்துவிட்டு அப்படியே வகுப்புக்குக் கொண்டுவருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எச்சரிக்கிற தவறு வேறு, உங்கள் பிள்ளைகள் செய்கிற தவறு வேறு.

விடை மாறாவிட்டாலும் வகுத்தல்தான் முதலில் என்று பிடிவாதமாகப் போகிற பிள்ளைக்கு வேறொரு தொந்தரவு வரும். 6 × 5 ÷ 3-ல் 5-ஐ 3-ஆல் வகுக்கப் போய், "வகுபடலை சார்" என்று பேனாவை வைத்துவிடும். 48 ÷ 6 ÷ 2 மாதிரிக் கணக்குக்கோ, 10 − 4 − 3 மாதிரிக் கணக்குக்கோ இந்த எழுத்துகள் எந்த வழியும் சொல்வதில்லை. 4 − 3 = 1 என்று போட்டு 9 என்று எழுதுகிற பிள்ளையிடம் போட்மாஸைத் திரும்பச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

என் கருத்து இதுதான்: போட்மாஸை முதல் நாள் எடுக்காதீர்கள். கடைசியில், தெரிந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு குறுக்குவழியாகக் கொடுங்கள். முதலில் எடுக்க வேண்டியது உறுப்பு. எண்களும் குறிகளும் சேர்ந்த வரிசைதான் கோவை; அதில் + அல்லது − குறியால் பிரிகிற ஒவ்வொரு துண்டும் ஓர் உறுப்பு. ஒரு கோவையில் எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைக்குக் கண்ணால் பார்க்கத் தெரிந்துவிட்டால், வரிசை தானாக வந்துவிடும்.

எங்கிருந்து தொடங்கலாம்? பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து. மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே அவர்கள் எண்களை விரித்து எழுதியிருப்பார்கள். 347 = 3 × 100 + 4 × 10 + 7. இதைப் பலகையில் எழுதிவிட்டு, வலது பக்கத்தை இடமிருந்து வலமாக அப்படியே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3 × 100 = 300, 4 கூட்டினால் 304, 10-ஆல் பெருக்கினால் 3040, 7 கூட்டினால் 3047. முந்நூற்று நாற்பத்தேழு மூவாயிரத்து நாற்பத்தேழு ஆகிவிடுகிறது. "அப்படிப் போடக்கூடாது, 4 × 10 தனி" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அந்த "தனி" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெருக்கல் முன்னால் என்ற வழக்கத்தை யாரும் சொல்லித் தராமலே இவ்வளவு நாளாக அவர்கள் கையாண்டு வந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே புரியும்.

இந்த விதியை யார் வைத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். ஒரு தனி ஆள் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை. ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இயற்கணிதக் குறியீடுகள் உருவானபோது கூடவே ஊறி வந்த வழக்கம். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-ல் அச்சிட்டார். ÷ குறியை வகுத்தலுக்கு யோகான் ரான் 1659-ல் பயன்படுத்தினார். பெருக்கல் முன்னால், கூட்டல் பின்னால் என்பது ஊறிப்போய்விட்டாலும், ÷ குறியும் × குறியும் சேர்ந்து வந்தால் எது முதலில் என்பதில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உடன்பாடு இருந்ததில்லை. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃபுளோரியன் கஜோரி 1928-ல் இதைப் பதிவு செய்திருக்கிறார். வழக்கம்தான் என்றாலும் குருட்டு வழக்கம் இல்லை. பெருக்கிக் கூட்டுவது நாம் அன்றாடம் செய்கிற கணக்கு. அதை அடைப்புக்குறி இல்லாமல் எழுத முடிகிறது என்பதுதான் இதில் கிடைக்கிற லாபம்.

அப்புறம் ஒரு கடைக் கணக்கு. 8 ரூபாய் பேனா 3, 25 ரூபாய் நோட்டு 2 வாங்கிவிட்டு 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? வாயால் கேட்டால் 26 என்று சொல்லிவிடுவார்கள். இதையே ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்: 100 − 3 × 8 − 2 × 25. இப்போது இடமிருந்து வலமாகப் போட்டால் 97, 776, 774, கடைசியில் 19350. நூறு ரூபாய் கொடுத்தவருக்குப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் மீதி கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே கணக்கின் பொருள்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. 100-லிருந்து 3-ஐக் கழித்தால் ரூபாயிலிருந்து பேனாவைக் கழித்ததாகிவிடும். அதற்கு அர்த்தமே இல்லை. இந்த மாதிரி, சொற்களிலிருந்து கோவைக்கும் கோவையிலிருந்து சொற்களுக்கும் போய்வருகிற பயிற்சியை நிறையக் கொடுங்கள். 5 × 12 + 3 × 7-க்கு ஒரு கதை எழுது, 5 × (12 + 3)-க்கு வேறு கதை எழுது என்று கேட்டால், எந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது என்பது அந்த இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்.

இனி உறுப்பு பிரிக்கிற வேலை. அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு + குறிக்கும் − குறிக்கும் முன்னால் பென்சிலால் ஒரு நேர்கோடு போடச் சொல்லுங்கள். குறி எப்போதும் தனக்குப் பின்னால் வருகிற உறுப்போடுதான் போகும். இதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள். உதாரணத்துக்கு இதை எடுத்துக்கொள்வோம்:

18 + 36 ÷ 4 × 3 − 5 × (9 − 7)

கோடு போட்டால் மூன்று துண்டு: 18 | + 36 ÷ 4 × 3 | − 5 × (9 − 7). ஒவ்வொரு துண்டும் ஒரே எண்ணாகச் சுருங்கும்வரை அடுத்த துண்டைத் தொடக்கூடாது. முதல் துண்டு 18. இரண்டாவது + 27. மூன்றாவதில் அடைப்புக்குறிக்குள் 2, ஆக − 10. இப்போது 18 + 27 − 10 = 35. துண்டுக்குள் பெருக்கல், வகுத்தல் மட்டும் இருந்தால் இடமிருந்து வலமாகப் போகலாம். அவ்வளவுதான் விதி.

துண்டுகள் எல்லாம் எண்களாகிவிட்ட பிறகு வரவு செலவுக் கணக்கு மாதிரிப் பார்க்கலாம். 20 − 8 + 5 என்றால் 20 வரவு, 8 செலவு, 5 வரவு. மொத்த வரவு 25, செலவு 8, கையில் 17. எந்த வரிசையில் சேர்த்தாலும் 17 தான். 5 ரூபாய் வரவைச் செலவோடு சேர்க்க எந்தப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளாது. ஏழாம் வகுப்பில் முழுக்கள் (−8 மாதிரிக் குறை எண்களும் சேர்ந்தவை) வரும்போது இதே துண்டுகள் 20, −8, +5 என்று ஆகிவிடும். கழித்தல் என்ற தனிச் செயலே அங்கே கரைந்துபோகும். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2025-ல் கொண்டுவந்த ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகமும் எண்கோவைகளைப் பற்றிய பாடத்தில் உறுப்பு என்ற இந்தக் கருத்தைத்தான் நடுவில் வைத்து எடுத்துப் போகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் எடுப்பவர்களும் ஒருமுறை அந்தப் பாடத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இந்தக் கோடு இன்னொரு தவறையும் பிடிக்கும். 5 + 2(3 + 4) கொடுத்தால், அடைப்புக்குறியை முடித்து 7 என்று எழுதிய பிறகு, பக்கத்தில் இருக்கிற 5 + 2-ஐக் கூட்டி, 7 × 7 = 49 என்று போடுகிற பிள்ளைகள் வகுப்புக்குச் சில பேர் இருப்பார்கள். அடைப்புக்குறி முதலில் என்ற விதியை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அடுத்து என்ன என்பதில்தான் சறுக்கல். 5 | + 2(3 + 4) என்று கோடு போட்ட பிள்ளைக்கு 5-ம் 2-ம் ஒட்டவே ஒட்டாது. விடை 19.

நோட்டில் எழுதுகிற முறைக்கு ஒரு பாடவேளை முழுதாக ஒதுக்கினாலும் தகும். இங்கே வருகிற தவறுகளில் கணிசமானவை எழுதுகிற பழக்கத்தால் வருபவை. முதலில் செய்ததை முதலில் எழுதுவது ஒன்று: 20 − 3 × 4-ல் 3 × 4 = 12 என்று கண்டுபிடித்தவுடன் அடுத்த வரியை 12 − 20 என்று தொடங்கிவிடுவார்கள். இன்னொன்று சமக்குறியைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவது: 36 ÷ 4 = 9 × 3 = 27 + 18 = 45. விடைக்கு வழி சரியாக இருந்தாலும், 36 ÷ 4-ம் 45-ம் சமம் என்று அந்த வரி சொல்கிறது. எட்டாம் வகுப்பில் சமன்பாடு தீர்க்கும்போது இந்தப் பழக்கம் பெரிய இடைஞ்சலாகும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரிக்கு நேர் கீழே வர வேண்டும். தொடாத துண்டுகள் இருந்த இடத்திலேயே அப்படியே இறங்க வேண்டும். சுருக்கிய துண்டு அதே இடத்தில் ஒரே எண்ணாக உட்கார வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குக் கட்டம் போட்ட நோட்டில் எழுத வையுங்கள், எண்கள் நகராமல் நிற்கும்.

வகுப்பில் காட்ட ஒரு நல்ல வேடிக்கையும் இருக்கிறது. மளிகைக் கடையில் வைத்திருக்கிற சாதாரணக் கால்குலேட்டர் ஒன்றையும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்றையும் கொண்டுபோங்கள். இரண்டிலும் 2 + 3 × 4 என்று வரிசையாக அழுத்தச் சொல்லுங்கள். கடைக் கால்குலேட்டரில் பொதுவாக 20 வரும், மற்றதில் 14 வரும். விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் அதிலிருக்கிற கால்குலேட்டரே போதும். ஸ்டாண்டர்ட் முறையில் 20 காட்டும், சயின்டிஃபிக் முறைக்கு மாற்றினால் 14 காட்டும். கடைக் கால்குலேட்டர் ஒவ்வொரு பொத்தானை அழுத்தும்போதும் அதுவரை வந்ததை முடித்துவிடுகிறது. மற்றது முழு வரியையும் வாங்கிக்கொண்டு பிறகு கணக்குப் போடுகிறது. இரண்டில் எது சரி என்று பிள்ளைகள் வாதாடட்டும். 2 ரூபாய் மிட்டாய் ஒன்றும் 4 ரூபாய் மிட்டாய் மூன்றும் வாங்கினால் எவ்வளவு என்று கேட்டால் வாதம் முடிந்துவிடும்.

அடைப்புக்குறியைப் பொறுத்தவரை, அதைக் கொடுத்துச் சுருக்கச் சொல்வதைவிட, பிள்ளைகளையே போடச் சொல்வது பலன் தரும். 24 − 6 × 3 + 1 என்று எழுதி, அடைப்புக்குறி போட்டு எத்தனை விதமான விடை கொண்டுவர முடியும் என்று கேளுங்கள். ஒன்றும் போடாவிட்டால் 7. (24 − 6) × 3 + 1 என்றால் 55. 24 − 6 × (3 + 1) என்றால் 0. (24 − 6) × (3 + 1) என்றால் 72. 24 − (6 × 3 + 1) என்றால் 5. யாராவது 24 − (6 × 3) + 1 என்று போட்டு மறுபடியும் 7 வருகிறதே என்பார்கள். அந்த இடத்தில் நின்று பேசுங்கள். அடைப்புக்குறி இருந்தும் எதுவும் மாறவில்லை என்றால், அது சொன்ன வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலை. போடாமலே என்ன நடக்கும் என்பது அங்கேதான் பிள்ளைக்கு உறைக்கும். பின்னக்கோடும் கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறிதான் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மேலே 12 + 8, கீழே 7 − 2 என்று கோடு போட்டு எழுதினால் விடை 4. அதையே போனில் 12 + 8 ÷ 7 − 2 என்று தட்டினால் 11.14 என்று ஏதோ வரும். மேலும் கீழும் அடைப்புக்குறி போட்டுத் தட்டினால்தான் 4 கிடைக்கும்.

ஓ என்ற எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பெரும்பாலும் அதை "இன்" என்று சொல்லிக் கொடுக்கிறோம், 16-இன் ½ என்கிற மாதிரி. 24 ÷ 16-இன் ½ என்றால் 24 ÷ 8 = 3. அதையே 24 ÷ 16 × ½ என்று எழுதினால் ¾. "16-இன் பாதி" ஒரே எண் என்று சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. என்று பின்னால் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும்போது சுருக்குக என்ற தலைப்பில் இது தேவைப்படும். இங்கிலாந்தில் அதே எழுத்தை அடுக்குகளுக்கு (3² மாதிரி) வைத்திருக்கிறார்கள். அங்கே போட்மாஸையே பிட்மாஸ் (BIDMAS) என்று சொல்பவர்களின் ஐ-யும் அடுக்குதான். அடுக்கு எங்கே வரும் என்று கேட்டால், அடைப்புக்குறிக்கு அடுத்து, பெருக்கலுக்கு முன்னால். 2 × 3² என்பது 18, 36 இல்லை. ஏழு, எட்டில் −3² வரும்போது இன்னும் கவனம் வேண்டும். கணித வழக்கில் அது −9, (−3)² தான் 9. ஆனால் எக்செல்லில் அடைப்புக்குறி இல்லாமல் அதையே உள்ளிட்டால் 9 வரும். அந்த மென்பொருள் முன்னால் நிற்கிற கழித்தல் குறியை அடுக்குக்கு முன்பே எடுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் காட்டுகிறதே என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் பதில் கைவசம் இருக்கட்டும்.

சரி, 8 ÷ 2(2 + 2). 2019-ல் இது உலகம் முழுக்கச் சுற்றியது, கணிதவியலாளர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். இடமிருந்து வலமாகப் போனால் 8 ÷ 2 = 4, 4 × 4 = 16. குறி போடாமல் ஒட்டி எழுதிய 2(2 + 2)-ஐ ஒரே துண்டாக எடுத்தால் 8 ÷ 8 = 1. இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டர்களிலேயே டிஐ-82 ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முன்னுரிமை தரும், டிஐ-83 தராது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் இரண்டு விடை சொல்கின்றன. பிள்ளைகளிடம் 16 என்றோ 1 என்றோ தீர்ப்புச் சொல்லி முடிக்காதீர்கள். இது தெளிவில்லாமல் எழுதப்பட்ட கணக்கு, எழுதியவர் அடைப்புக்குறி போட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும், சாய்கோட்டால் (/) வகுத்த பிறகு அதே வரியில் பெருக்கல் குறியோ வகுத்தல் குறியோ வந்தால் அடைப்புக்குறி போட்டுத் தெளிவாக்கச் சொல்கிறது. அப்புறம் அதையே இரண்டு பின்னங்களாக எழுதச் சொல்லுங்கள், ஒன்று 16 வருகிற மாதிரி, மற்றொன்று 1 வருகிற மாதிரி. இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பரீட்சைத் தாளில் மட்டும் இந்த மாதிரிக் கணக்கை வைக்கவே வைக்காதீர்கள். அது பிள்ளையின் அறிவைச் சோதிக்காது.

மதிப்பெண் போடும்போது விடையை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து மதிப்பெண் கணக்கில் துண்டுகளைச் சரியாகப் பிரித்ததற்கு இரண்டு, ஒவ்வொன்றையும் சுருக்கியதற்கு இரண்டு, கடைசி விடைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால், வாய்ப்பாட்டில் சறுக்கிய பிள்ளையையும் அமைப்பே தெரியாத பிள்ளையையும் பிரித்துப் பார்க்க முடியும். முதல் வகைப் பிள்ளைக்கு வாய்ப்பாட்டுப் பயிற்சி கொடுங்கள். இரண்டாவது வகைப் பிள்ளைக்குப் பெரிய கணக்குகளைச் சில நாள் நிறுத்திவிட்டு, கோடு மட்டும் போடுகிற வேலை கொடுங்கள்: பத்துக் கோவை, எதற்கும் விடை வேண்டாம், உறுப்பு பிரித்தால் போதும்.